தலைவர் விழுங்கிய புயல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

'குட்டிச் சிப்பாய்' இதழ், தன்னைப் படிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதில் தலைவரின் வீரக்கதைகளை எழுதுவது ஞானசிகாமணியின் பிழைப்பு. எழுதியவர் பெயர் மட்டும் தலைவருடையது. இந்த வாரம் தலைவர் ஒரு புயலை விழுங்கினார். அதைப் படித்து முடித்த ஞானசிகாமணியின் மகள் கோமளா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"கொட்டாவி பதிவாகிவிட்டது," என்றது இதழ். "சலிப்பூட்டியவரைக் கைதுசெய்ய ஆள் வருகிறது."

ஞானசிகாமணிக்கு வேட்டி நழுவியது. போன வாரம்போல மலையையே விழுங்க வைத்திருக்கலாமே என்று நொந்துகொண்டார்.

"எழுதினது தலைவர்னு அட்டையிலயே போட்டிருக்கே," என்றாள் கோமளா. "அவரையா பிடிக்கப் போறீங்க?"

இதழ் சற்று யோசித்தது. "அது கொட்டாவி இல்லை. வியப்பில் வாய் பிளந்தது," என்று திருத்திக்கொண்டது.

இந்தக் கதை 'குட்டிச் சிப்பாய்' இதழில் வந்தது, எழுதியவர் தலைவர்.