கறுப்பு ஜன்னல்

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. எத்திராஜின் மனைவி அம்புஜம் வாசலுக்கு ஓடிப்போய்க் கீரைக்காரரிடம், "ஸ்வல்ப நேரம் கூவாதீங்க, உள்ள இன்டர்வ்யூ நடக்குது" என்று கெஞ்சிவிட்டு வந்தாள். கேமராவுக்கென்று நீலச் சட்டையைக் காலையிலேயே இஸ்திரி போட்டு வைத்தவளும் அவள்தான்.

எத்திராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலை போய் ஒன்றரை வருஷம். அதற்குள் எத்தனையோ கம்பெனிகள் திரையில் அவருடைய நரைத்த தலையைப் பார்த்ததுமே, "அப்புறம் சொல்லி அனுப்புறோம் சார்" என்று கழற்றிவிட்டிருந்தன.

இந்தத் தடவை முகத்தைப் பார்த்த பிறகும் யாரும் தயங்கவில்லை. ஜோகுபாளையத்து வீட்டுக்குள் ஒரு சம்பளம் வந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பெங்களூரையே காலி செய்ய வேண்டியதுதான்.

எதிர்முனையில் டீம் லீடர் ரகுராம். ஒரு காலத்தில் எத்திராஜிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்களின் குரல் அவனுக்கு.

"எங்ககிட்ட ஒரு பழைய அப்ளிகேஷன் இருக்கு. எழுதினவன் உள்ள என்ன நடக்குதுன்னு சொல்ற லாக் எல்லாத்தையும் கன்சோலுக்கே அனுப்பிவெச்சிருக்கான். ரன் பண்ணா ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும், படிக்கிறதுக்குள்ள மூடிக்கும். அது அத்தனையும் எனக்குக் கோடு எழுதற ஸ்கிரீன்லயே, கீழ இருக்கிற டீபக் விண்டோல வரணும். என்ன பண்ணுவீங்க?"

எத்திராஜுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அந்தக் கறுப்பு ஜன்னலோடுதான் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தார்.

"ஒவ்வொரு வரியா மாத்தப் போனா விடிஞ்சிரும் சார். கன்சோல் எங்க எழுதணும்னு நாமளே சொல்லிடலாம். வர்ற வரியை வாங்கி டீபக் விண்டோக்குத் தள்ளிவிடற மாதிரி சின்னதா ஒரு ரைட்டர் கிளாஸ் எழுதணும். மெயின்ல முதல் வரியிலயே கன்சோலோட செட்அவுட்ல அதைக் குடுத்துட்டா முடிஞ்சது. பழைய கோடைத் தொடவே வேணாம்."

"அதுல மாட்டிக்கிற இடம் ஏதாவது?"

"ரெண்டு இருக்கு சார். கஸ்டமருக்குப் போற ரிலீஸ் பில்டுல டீபக் வரி எதுவும் வராது. அப்புறம், டீபக்ல வர்றதைத் திரும்பக் கன்சோலுக்கே அனுப்பற மாதிரி யாராச்சும் முன்னாடியே வெச்சிருந்தா, ரெண்டும் ஒண்ணையொண்ணு கூப்பிட்டுச் சுத்திக்கிட்டே கிடக்கும்."

"என் டீம்ல ஒருத்தர்கூட அந்த ரெண்டாவதைச் சொன்னதில்ல" என்றான் ரகுராம். பிறகு, "உங்க நெட் என்ன ஸ்லோவா? வாய் ஒரு பக்கம் போகுது, குரல் ஒரு பக்கம் வருது."

எத்திராஜ் சட்டென்று சமாளித்தார். "எங்க ஏரியா நெட் அப்படித்தான் சார்."

"பரவால்ல, நீங்க செலக்டட். திங்கக்கிழமை ஜாயின் பண்ணிடுங்க. ஆனா வீட்லருந்து வேலை கிடையாது, தினம் ஆபீஸ்தான். முதல் வேலை இந்த அப்ளிகேஷனே. என் பக்கத்து சீட்ல உக்காந்து முடிச்சுக் குடுங்க."

தினம் ஆபீஸ் என்பதை எத்திராஜ் யோசித்தே பார்க்கவில்லை. "சரி சார்" என்றார், வேறு என்ன சொல்ல முடியும்?

அழைப்பு முடிந்தது. கதவோரம் நின்ற அம்புஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேஜைக்கு அடியிலிருந்து எத்திராஜ் தவழ்ந்து வெளியே வந்தார். பனியன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

நாற்காலியில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மகன் கவியரசன், அவ்வளவு நேரமும் சும்மா அசைத்துக்கொண்டிருந்த வாயை இப்போதுதான் பேசத் திறந்தான்.

"கன்சோல்னா என்னப்பா?"