துவைக்காத சட்டை

மூன்று மாடுகள் வண்டியில் ஏறிவிட்டன. செவலை மட்டும் மாட்டேன் என்றது.

பலகையில் முன்னங்காலை வைப்பதும் எடுப்பதுமாக அரை மணி நேரம்.

வாங்க வந்த நல்லசிவம் மாடு பிடித்தே தலை நரைத்தவர். வைக்கோலைக் காட்டிப் பார்த்தார். தவிட்டுத் தண்ணீரைக் காட்டிப் பார்த்தார். கூட வந்த ஆள் வாலை முறுக்கினான். செவலை அவன் கால்மேல் சாணி போட்டதே தவிர நகரவில்லை.

வாலை விடச் சொன்னாள் மாட்டை விற்றவள்.

வீட்டுக்குள் போய், சேலைமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அவள் கணவன் நாச்சிமுத்துவுடையது. அவன் போய் எட்டு மாதம்.

அவன் கையைத் தவிர வேறு கை பட்டால் செவலை பாலை அடக்கிக்கொள்ளும். அவனை அடக்கம் செய்த மறுநாள், மடி கட்டிக் கத்திக்கொண்டு நின்றது. அவன் கழற்றிக் கொடியில் போட்டிருந்த இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் கறக்க உட்கார்ந்தாள்.

செவலை அவள் தோளை முகர்ந்தது. பால் இறங்கியது.

அன்றிலிருந்து அதைத் துவைக்கவில்லை. மூக்கைச் சுளிப்பவர்களிடம், மாட்டுக்காக என்பாள்.

கறந்து முடித்த பிறகும் கழற்ற மனமில்லாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்திருப்பாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தும், காம்பைப் பிடித்தால் உயிர் போகிறது. நான்கு மாட்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

பலகையில் முதலில் அவள் ஏறினாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பலகை அதிர்ந்தது. தோளில் ஈர மூக்கு வந்து பட்டது.

நம்பி வந்துவிட்டது.

விற்ற மாட்டோடு கயிற்றைக் கொடுக்கிற வழக்கமில்லை. பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டாள். நல்லசிவம் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் போட்டார். அவள் பக்கக் கம்பியைத் தாண்டி இறங்கியதும் செவலை கழுத்தை நீட்டிக் கத்தியது.

நல்லசிவம் சட்டையைப் பார்த்தார். கேட்கத் தயங்கி, பிறகு கேட்டார். சாயங்காலம் இதைக் கறந்தாக வேண்டும், பால் தங்கினால் மடி கெட்டுப்போகும், அந்தச் சட்டையையும் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பொத்தானைக் கழற்றினாள். நெடுநேரம் ஆனது. கை வலி போலும் என்று அவர் காத்திருந்தார்.

நான்கே பொத்தான்.

மடித்தாள். பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"இதத் தொவச்சுப் போடாதீங்க."

சே, துவைத்தால் மாட்டுக்கு வாசம் போய்விடுமே, அது எனக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டியில் ஏறினார்.

அவள் ஆமாம் என்றாள்.