எம். டல்லக் வரைந்த கப்பல்

"எம். டல்லக்னா யாரோ ஆம்பளைன்னு நெனச்சேன்" என்றார் வாசலில் நின்ற கடற்படை அதிகாரி.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. பொம்பளை வரைஞ்ச சண்டைக் கதைன்னா பையனுங்க வாங்க மாட்டாங்களாம். எங்க பதிப்பாளர் என் பேரையே பாதியா நறுக்கிட்டார்" என்று சிரித்தாள் மேவிஸ். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. 

அடுத்த அறையில் அவள் கணவன் ஹெக்டர் இருந்தான்.

உள்ளே வந்த அதிகாரி தன் பெயர் லெப்டினன்ட் கிராண்டி என்றார். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து ரயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கோட்டுப் பையிலிருந்து சுருட்டி வைத்திருந்த புத்தகத்தை எடுத்தார். போர் வந்து அமெரிக்கப் புத்தகங்கள் வருவது நின்றதிலிருந்து டொராண்டோவிலேயே அச்சாகிற பத்து சென்ட் காமிக்ஸ். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அட்டையில் மேவிஸின் கதாநாயகன் கேப்டன் கோரி அலைமேல் பாய்ந்துகொண்டிருந்தான்.

"தெருமுனைக் கடையில என் பையன் வாங்கினது. அவன் தூங்கினப்புறம் எடுத்துப் பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு."

"அவ்வளவு மோசமாவா வரைஞ்சிருக்கேன்?"

கிராண்டி சிரிக்கவில்லை. பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உடைந்து மூழ்கும் போர்க்கப்பல். முழங்கையில் கிளி பச்சை குத்திய சமையல்காரன் இரும்புக் கதவை அடித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கப்பலின் கேப்டன் தன் மிதவைச் சட்டையைக் கழற்றி, மாலுமிகளில் இருப்பதிலேயே சின்னவனுக்கு மாட்டிவிடுகிறார்.

"இந்தக் கிளி எங்கேருந்து வந்துச்சு?"

"மண்டைக்குள்ளேருந்துதான் சார். மாசாமாசம் பக்கத்தை நெரப்பணுமே."

"இந்தக் கதவு கோணிக்கிட்டு மாட்டிக்குதே, இது?"

"அதுவும்தான்."

"இந்தச் சமையக்காரனை எனக்குத் தெரியும். அவன் கப்பல்ல ஹெக்டர் டல்லக்னு ஒரு மாலுமியும் இருந்தார். உங்களுக்கு என்ன உறவு?"

"டொராண்டோவுல தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு டல்லக் மேலதான் விழணும் சார். எனக்கு உறவில்லை."

சொல்லிவிட்டு மேஜைமேல் கிடந்த புத்தகத்தை மூடினாள்.

இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த அன்று காலை, பின்பக்கப் படிக்கட்டில் ஹெக்டர் வந்து நின்றான். கையில் பை இல்லை. விடுப்புச் சீட்டும் இல்லை. "கப்பல் முழுகிப் போயிடுச்சு மேவிஸ். நான் வந்தது யாருக்கும் தெரியவேண்டாம்" என்றான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. போர் நடக்கும்போது ஓடிவந்தவனை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தானே, அது போதும்.

அன்றிலிருந்து அவன் வெளியே தலைகாட்டவில்லை. வைத்த சாப்பாடு வைத்தபடியே ஆறிக் கிடக்கும். அவள் வரைய உட்கார்ந்தால் மட்டும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வான். "கிளியை விட்டுட்டியே", "கதவு அப்படி இல்லை, கோணிக்கிட்டு நின்னுது." அவள் பேனா தானாக ஓடும். இதையெல்லாம் அச்சுக்கு அனுப்பினால் வம்பு என்று அவள் பயந்தபோது, "அனுப்பு. முழுகிப்போன அந்தப் பசங்களை வேற யாரு பார்க்கப் போறாங்க?" என்றான். மனசு கேட்காமல் கடைசிப் பக்கத்தை மட்டும் அவள் மாற்றினாள். கேப்டன் கோரி வந்து எல்லோரையும் கரை சேர்த்துவிட்டான்.

இப்போது பனி உருகி ஓடுகிறது. வம்பு வாசல் தேடி வந்துவிட்டது.

"கப்பல் மூழ்கின சேதியையே நாங்க இன்னும் வெளியில விடலை" என்றார் கிராண்டி. "இதை யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. யாருன்னு தெரியாம நான் இங்கேருந்து கிளம்ப முடியாது. வீட்டைச் சோதனை போடணும்னா அதையும் செய்வேன்."

அவர் கண் அடுத்த அறைக் கதவுக்குப் போனது. மேவிஸ் பாய்ந்து கதவை மறித்து நின்றாள்.

"என் புருஷன்தான் சார் சொன்னாரு! உறவில்லைன்னு பொய் சொல்லிட்டேன். ஹெக்டர் என் புருஷன். தப்பிச்ச மனுஷன், பயந்துபோய் வீட்டுக்கு ஓடி வந்துட்டாரு. குளிர்காலம் பூரா இங்கதான் இருக்காரு. கொஞ்சம் மனசு தேறட்டும், நானே கூட்டிக்கிட்டு வந்து ஒப்படைக்கிறேன். உங்க கால்ல விழறேன், ஜெயில்ல மட்டும் போட்டுடாதீங்க!"

கிராண்டியின் முகம் வெளுத்தது. தொப்பியைக் கழற்றினார். 

"ஹெக்டரோட மனைவியைத்தான் நாங்க இத்தனை நாளா தேடுறோம். அடிச்ச தந்தி, நீங்க வீடு மாறிட்டீங்கன்னு திரும்பி வந்துடுச்சு."

"எதுக்குத் தந்தி?"

"அம்மா, அந்தக் கப்பல்லேருந்து உயிரோட எடுத்தது ஒரே ஒருத்தரைத்தான். அது உங்க ஹெக்டர். ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கதவைப் பத்தி, கிளியைப் பத்தியெல்லாம் சொன்னாரு. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே மூச்சு நின்னுடுச்சு. பனி விழறதுக்கு முன்னாடியே அடக்கம் பண்ணிட்டோம். அவர் சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லைம்மா."

மேவிஸ் வாய் திறப்பதற்குள், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த அறையிலிருந்து குரல் வந்தது.

"லெப்டினன்டை உள்ளே வந்து உட்காரச் சொல்லு மேவிஸ். அன்னிக்குப் பாதியிலதானே விட்டேன்."