அம்மா கேட்ட ஸ்னோ

"அக்கா, கிறிஸ்ரி எங்களை விட்டிட்டுப் போட்டானக்கா," என்று ஜெயசுதன் போனில் சொன்னபோது, அம்மா உள்ளே அந்தோனியார் கோயிலின் செவ்வாய் நவநாள் செபத்துக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தார்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

ஜெயசுதன் மொன்றியலில் என் தம்பியோடு ஒரே அறையில் இருக்கிற பொடியன். அழுதழுது சொன்னான். இரவு முழுக்க ஸ்னோ கொட்டியிருக்கிறது. இடுப்பளவு. கிறிஸ்ரி வீடு வீடாகப் போய்க் கூலிக்கு வாசலில் கிடந்த ஸ்னோவை அள்ளியிருக்கிறான். விடியப்புறம் குளிர் தாங்காமல் தன் வான் வண்டிக்குள் ஏறி, இஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறான். ஸ்னோ பின்பக்கப் புகைக்குழாயை மூடிவிட்டது. புகை முழுக்க உள்ளே திரும்பிவிட்டது.

நித்திரை என்று நினைத்துத்தான் கண்ணாடியில் தட்டினார்களாம்.

என் தம்பி. கடற்காற்றைக் குடித்து வளர்ந்தவன், ஒரு வானுக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போனான்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகுதான் அம்மாவின் நினைப்பு வந்தது.

"ஜெயசுதன், அம்மாட்டை ஸ்னோவெண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. காரடிச்சதெண்டு சொல்லு."

"ஏனக்கா?"

அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்? அந்த ஸ்னோவைக் கேட்டதே அம்மாதான்.

யாழ்ப்பாணம் குருநகரில் நாங்கள் காற்றையும் கடலையும் கேட்டு வாங்கிப் பழகிய சனம். அப்பா தொழிலுக்குப் போன காலமெல்லாம், காற்று விழவேண்டும், கடல் அடங்கவேண்டும், மீன் கரைக்கு வரவேண்டும் என்று அம்மா அந்தோனியாரிடம்தான் கேட்டார். சிலவேளை பிந்தியாவது கிடைத்தது. அதனால், "இந்த முறை ஸ்னோவே இல்லையம்மா, வேலை இல்லை, டிக்கெட் போட வழியில்லை" என்று தம்பி போனில் சொன்னபோது, மனுசி வேறொன்றும் யோசிக்கவில்லை. அடுத்த செவ்வாயே மெழுகுதிரியோடு கோயிலுக்கு வெளிக்கிட்டுவிட்டார்.

வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் நின்றுகொண்டு ஸ்னோ கேட்கிறது. அதுவும் யார்? மார்கழிப் பனிக்கே தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு திரிகிற மனுசி.

"பெர்னடெட், பாத்துக் கேள். இஞ்சை கொட்டிடப் போகுது," என்று பக்கத்து வீட்டு றோஸ் மாமி பகிடி விட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கிறிஸ்ரிக்கும் ஸ்னோவோடு ஒரே சண்டைதான். கொட்டினால் குனிந்து அள்ளி நாரி முறிகிறது, விரல் வெடிக்கிறது என்று திட்டுவான். கொட்டாவிட்டால் யன்னலடியை விட்டு அசையாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானாம். வெடித்த விரல்களைப் போனில் பார்த்து அம்மா அழுவார். அழுது முடித்துவிட்டுப் போய் இன்னும் கூடக் கேட்பார். மீசை முளைக்க முதல் போன பிள்ளை ஒருக்கால் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. வந்ததும் கூழ் காய்ச்சவென்று இடித்து வைத்த பனங்கிழங்கு ஒடியல் மா இரண்டு தரம் வண்டு பிடித்துவிட்டது.

"லவீனா, ஆர் பிள்ளை போனிலை?"

முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல். நான் போனை வைத்தேன். திரும்பவில்லை.

"தம்பியே?"

"தம்பியோடை இருக்கிற பொடியன்."

"ஸ்னோ கொட்டினதாமே?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லையம்மா," என்றேன். "ஒரு பொட்டுக்கூடக் கொட்டேல்லை."

பிறகு திரும்பி, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தம்பியைக் கார் அடித்துவிட்டது என்று சொன்னேன். செத்துப்போனான் என்றும் சொன்னேன்.

அம்மா அப்படியே ஈர நிலத்தில் இருந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்துக்கு றோஸ் மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடிவந்தார்.

அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் குளறினேன். குளறும்போதே, இந்தப் பழி மனுசியின் தலையில் விழாமல் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.

திடீரென்று அம்மா அழுகையை நிறுத்தினார்.

"கொட்டேல்லையெண்டோ சொன்னனி?"

"ஓம் அம்மா. கொட்டேல்லை."

"கொட்டியிருந்தால் பிள்ளை வேலையிலை நிண்டிருப்பான். றோட்டிலை ஏன் போறான்?"

அம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"போன செவ்வாய் நீதானே என்னை மறிச்சனி. மழை பெய்யுது, கால் நோகும், அடுத்த கிழமை போகலாமெண்டு நீதானே சொன்னனி. நான் போய்க் கேட்டிருந்தால் கொட்டியிருக்குமடி. என்ரை பிள்ளை உயிரோடை இருந்திருப்பான்."

கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பிறகு தோளில், நெஞ்சில், பிடரியில்.

றோஸ் மாமி பதறிப்போய் அம்மாவின் கைகளைப் பிடித்தார்.

"விடுங்கோ மாமி," என்றேன். "என்ரை பிழைதான். அடிக்கட்டும்."