இன்னொரு ஆராய்ச்சி

"செத்துப்போனவளைக் கூறு போட இன்னும் எத்தனை பேர்தான் வருவீங்க?"

கதவைப் பாதிதான் திறந்திருந்தார் பெரியவர். அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருடம் இறந்துபோன எழுத்தாளரின் கணவர். வெளியே நின்றவள் மனநல மருத்துவர். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அஞ்சே நிமிஷம், சார். அம்மாவோட டைரி புத்தகமா வந்ததும் படிச்சேன். இருபது வயசுலேர்ந்தே சாகணும்ங்கிற நினைப்பு அவங்களுக்கு..."

"இருந்தது! அதுக்கென்ன இப்போ? உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் அவ கதைகள்ல எத்தனை சாவு வருதுன்னு எண்ணிக்கிட்டுப் போனார். இன்னொருத்தர் 'சாவைக் காதலித்தவள்'னு தலைப்புப் போட்டுட்டார். எழுபத்தொரு வயசுல நெஞ்சு வலி வந்து போனவ அவ. 'எப்படியாவது காப்பாத்துங்க'ன்னு டாக்டர்கிட்ட கெஞ்சினா. அதை எவனாவது எழுதினானா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் நகரவில்லை.

"அந்த நினைப்பு வந்தா அவங்க என்ன செய்வாங்க, சார்?"

"மறைக்க மாட்டா. நேரா அச்சகத்துக்கே வந்து சொல்லிடுவா. மெஷினை நிறுத்திட்டுக் கூடவே கிளம்பிடுவேன். முதலாளி கத்துவார். கத்தட்டும். டாக்டர்கிட்ட போவோம். அப்புறம் கால் ஓயுற வரைக்கும் தெருத்தெருவா நடப்போம்."

"எவ்வளவு நேரத்துல அது விலகும்?"

"சில நாள் ஒரு மணி நேரம். சில சமயம் வாரக்கணக்குல இழுக்கும். ஆனா விலகிடும்."

"சொல்ல அவங்களுக்கு வெட்கமா இருக்காதா?"

பெரியவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதென்ன போலீஸ் விசாரணையா? நாற்பது வருஷம் நாங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டி ஜெயிச்சிருக்கோம். அதை வியாதின்னு ஒரு வார்த்தையில அடக்கி நீங்க பேர் வாங்கிக்கணும், அதானே? சொல்லுங்க, எந்தப் புத்தகத்துக்கு இதெல்லாம்?"

கதவைச் சாத்தப் போனார்.

"புத்தகமெல்லாம் இல்லை, சார்." அவள் குரல் உடைந்தது. "பதினாறு வயசுலேர்ந்து எனக்கும் அதே நினைப்புதான். தினம் இருபது பேர் என்கிட்ட வந்து சொல்றாங்க. போய்ச் சொல்ல எனக்குத்தான் ஒரு ஆள் இல்லை."

"உள்ள வாம்மா," என்றார் பெரியவர்.