ஆறாவது நாற்காலி

பனிக்காலக் காலை வெளிச்சம் ஆறு வெறும் நாற்காலிகளின் மேல் விழுகிறது. கிழவர் போர்த்துகலில் சுகாதார அமைச்சராக இருந்தவர். சொல்லாமல் ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்து, கட்டில் கட்டிலாக நின்று பெயர் கேட்பாராம். மொன்றியலில் மகள் வீட்டிலும் அந்தச் சுற்று நிற்கவில்லை. நாற்காலிதோறும் குனிந்து, இல்லாத கையின் நாடியைப் பிடிக்கிறார். கூடவே வரும் பராமரிப்பாளர் அக்னெஸ் நோயாளியின் பெயர் சொல்ல வேண்டும்.

"இண்டைக்கு ஆரக்கா வருத்தக்காரர்?" வேலை பழக வந்த ஊர்க்காரி ஜெயனி சிரிப்பை அடக்குகிறாள்.

"எங்கட மாதா கோயில் பாட்டுக்காரர் அஞ்சு பேரும். சிரியாதையடி, மனுசன் கோவிப்பார்."

ஆறாவது நாற்காலி. "பெயர்?" என்கிறார் பிரெஞ்சில். பாட்டுக்காரர்கள் முடிந்துவிட்டார்கள். அக்னெஸ் யோசிக்காமல், "றெஜினோல்ட்" என்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாதமாகக் கடிதம் வராத தம்பி.

"ஐயோ, அவன்ர பேரை ஏனக்கா சொன்னனீங்கள்?"

கிழவரின் விரல்கள் காற்றில் அசையாமல் நிற்கின்றன. மற்ற ஐவரிடமும் அவர் இவ்வளவு நேரம் நிற்கவில்லை. பிறகு, கனமான எதையோ போல, அந்தக் கையை மெல்ல இறக்கி வைக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"குடும்பத்தாரை வரச் சொல்லுங்கள்."

அக்னெஸ் நாற்காலியின் முன் முழந்தாளிடுகிறாள்.

"ராசா, அக்கா வந்திட்டன்."