இருபதாவது விண்ணப்பம்

"இராமையா, பிரிட்ஜைத் தொடைக்கிறீங்களா, தடவிக் கொடுக்கிறீங்களா?"

கலாவதி போட்ட சத்தத்தில் கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்துநான்கு வயது இராமையா தலை தூக்காமல் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த மின்சாரச் சாமான் கடையில் அவர்தான் ஆகக் கடைசி சேல்ஸ்மேன். சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. அதற்கு முன் ஏதோ ஒரு கம்பெனி ஸ்டோரில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர், யாருக்கும் எதையும் விற்றுப் பழக்கமில்லாதவர். விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

அதைப் படித்து அவரை வேலைக்கு எடுத்தவள், விற்பனைப் பகுதியைக் கவனிக்கும் கலாவதி. முப்பது வயதுகூட இருக்காது. புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து ஆர்டர் பாரம் எழுதச் சொல்லிக்கொடுப்பாள். இராமையாவுக்கு அதைக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. துடைக்கச் சொன்னாள், தூக்கச் சொன்னாள்.

"ஒரு வணக்கம்கூட ஒழுங்கா சொல்ல வரலை. எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க, கேப்போம்."

அவர் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

விண்ணப்பத்தில் எழுதியது பொய். பதினொரு வருடம் அவர் ஷா ஆலாமில் ஒரு மின்சாரச் சாமான் கம்பெனியில் விற்பனை மானேஜர். எண்பத்தாறில் வியாபாரம் படுத்தபோது கம்பெனி ஒரே வெள்ளிக்கிழமையில் பாதிப் பேரை நிறுத்தியது. அதில் அவரும் ஒருவர். அதன் பிறகு பத்தொன்பது இடங்களுக்கு எழுதிப் போட்டார். மானேஜராக இருந்தவரைச் சின்ன வேலைக்கு எடுக்க எவனும் தயாராக இல்லை. இருபதாவது விண்ணப்பத்தில் மானேஜரை அழித்துவிட்டு ஸ்டோர் என்று எழுதினார். ஒரே வாரத்தில் வரச் சொல்லிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு வாய்க்கு ஒரு நாளைக்கு நான் யாருன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடப் போறேன்" என்றார் அன்று இரவு மனைவி அமராவதியிடம்.

"சொல்லிட்டு? இருபத்தொண்ணாவது லெட்டரு எழுதுவீங்களா?"

மறுநாள் கலாவதி அவரை வேனில் ஏற்றிக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனாள். தொழிலாளர்களுக்குக் கட்டிய புது லயத்து வீடுகளுக்கு நாற்பது மின்காற்றாடி வாங்கப் போகிறார்களாம். வேனை ஓட்டியது அவள். காற்றாடிப் பெட்டியைச் சுமந்தது அவர்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி பாலகிருஷ்ணன் இராமையாவைப் பார்த்துத்தான் நாற்காலியைத் தள்ளினார். "உக்காருங்க சார். இந்தப் பொண்ணு யாரு, டைப்பிஸ்டா?"

பதினொரு வருடப் பழக்கம் இராமையாவின் நாக்கில் வந்து நின்றது. "கிராணி சார், நாப்பதும் ஒண்ணா எடுத்தீங்கன்னா..."

"இராமையா, பெட்டியைக் கீழ வைக்காம நில்லுங்க" என்றாள் கலாவதி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கிராணி சிரித்தார். இராமையாவுக்குக் காது சுட்டது.

"கிள்ளான் கடைக்காரன் உங்களைவிட மலிவா தர்றான். நீ போலாம்மா."

கலாவதி போகவில்லை. "கிள்ளான்காரன் லயத்துக்குள்ள போனானா சார்? நேத்து நான் போனேன். உங்க ஜெனரேட்டர் கரண்டு கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பாதிகூட இல்ல. லைட்டே மஞ்சளா எரியுது. போன வருசம் அவன் பழைய லயத்துல மாட்டுனதுல ஒன்பது காத்தாடிக்கு மோட்டார் கருகிப் போச்சு. பொம்பளைங்க அவனைத் திட்டலை, உங்களைத்தான் திட்டுறாங்க."

கிராணியின் சிரிப்பு நின்றது.

"கரண்டு கம்மியா இருந்தாலும் எங்க காத்தாடி சுத்தும். ஒரு வருசத்துல ஒண்ணு கருகினாலும் நானே வந்து மாத்தித் தர்றேன். இப்பவே எழுதித் தரவா?"

"வாய் ரொம்ப நீளம்தான் லா உனக்கு" என்று முறைத்துக்கொண்டே கிராணி பேனாவை எடுத்தார்.

பதினொரு வருடத்தில் தான் ஒரு லயத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை என்பது இராமையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவர் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. வேன் தோட்டத்துச் செம்மண் ரோட்டைத் தாண்டியதும் வெடித்தார்.

"இன்னிக்கோட போதும் மிஸ். நான் யாருன்னு தெரியாம பேசுறீங்க. ஸ்டோரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஷா ஆலாம்ல நான் சேல்ஸ் மானேஜர். அம்பது சேல்ஸ்மேன் எனக்குக் கீழ வேலை பார்த்தாங்க!"

"இருபத்திரண்டு பேரு" என்றாள் கலாவதி. பார்வை ரோட்டில்தான் இருந்தது. "மாடியில கண்ணாடி ரூம்பு. மேசையில பச்சை டெலிபோன்."

இராமையா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எழுபத்தொம்பதுல இண்டர்வியூவுக்கு வந்தேன். என்னை உக்காரக்கூடச் சொல்லலை. பொம்பளைப் பிள்ளைக்கு விக்க வராதுன்னு சொல்லிட்டு டெலிபோனை எடுத்துட்டீங்க. ரெண்டு நிமிசம்கூட ஆகலை."

அந்த முகத்தை எவ்வளவு தேடியும் அவருக்கு நினைவு வரவில்லை. அந்த வார்த்தை மட்டும் நன்றாக நினைவிருந்தது. வந்த பெண்கள் எல்லாரிடமும் அவர் சொன்ன வார்த்தை அது.

"அப்ப... விண்ணப்பம் பொய்யின்னு தெரிஞ்சுதான் எடுத்தீங்களா? இப்படி என்னைக் கேவலப்படுத்தவா?"

கலாவதி முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார். நான் விக்கிறதை நீங்க பக்கத்துல நின்னு பாக்கணும்."